‘ஹோல்ட்’ சொன்னால்தான் விடலாம்

அன்பு மருமகள் சில்லுவுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நான் நம்பவில்லை. முதல் வரி உன் அப்பா சொல்லி எழுதியது, மற்றது என்னுடையது. அவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருக்கிறார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு விஷயமும் எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அவர் தலையாட்டினால்தான் மேலே போகலாம் என்று ஏற்பாடு. நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ‘எழுதிக்கோ மச்சான், ஆனா ஒவ்வொன்னையும் “ஆகவே நீ வர வேண்டாம்”னு முடிக்கணும்’ என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இரண்டு பிடிவாதக்காரர்கள் சேர்ந்து எழுதும் கடிதம், பொறுத்துப் படி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் போனில் மைக் கெட்டுக் கிடக்கிறது, நாங்கள் பேசினால் உனக்குக் கேட்காது. அதனால்தான் இத்தனை நாளாக ‘நலம்’, ‘நலம்’ என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்கு நீ, ‘மாமா, நீங்க இவ்வளவு சுருக்கமா பேசுற ஆளே இல்லையே, அப்பாவுக்கு என்ன ஆச்சு, டிக்கெட் போடவா’ என்று கேட்டுவிட்டாய். உன் அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம்தான் கடிதம் எழுது என்றார். காகிதத்தில் எழுதினால் பிள்ளை நம்பும் என்பது அவர் எண்ணம்.

விஷயம் இதுதான். உன் அப்பாவின் வலது கையிலும் காலிலும் ஒரு சின்னப் பிடிப்பு. பிடிப்பு என்பது உன் அப்பா பொறுக்கி எடுத்த சொல். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்னார். ‘அது அவங்க பாஷை மச்சான், நம்ம பாஷைல பிடிப்பு’ என்கிறார் இவர். ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடிக்க முடியவில்லை, இதற்குப் பெயர் பிடிப்பாம். உன் வேலையை நிரந்தரம் ஆக்குவதை இன்னும் ஹோல்டில் வைத்திருக்கிறார்கள், நடுவில் லீவு போட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று நீ எப்போதோ சொன்னாயே, அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் இப்போது ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். ஆகவே நீ வர வேண்டாம்.

நீ வேலைக்குப் போன புதிதில், போனில் கூப்பிடுகிற ஆட்களை நாள் முழுக்க ஹோல்டில் போடுவதுதான் என் வேலை என்று சொல்லிச் சிரித்தாய். உன் அப்பா வெகு நேரம் யோசித்துவிட்டு, ‘பரவாயில்ல, நம்ம தொழில்தான்’ என்றார். கண்ணாடிக் கடையில் எங்கள் முதலாளி எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான். பெரிய கண்ணாடி ஷீட்டை ஒருத்தன் தூக்கக் கூடாது, இரண்டு பேர் தூக்க வேண்டும். அதில் ஒருத்தன் கையை எடுக்க வேண்டுமென்றால் வாய் விட்டுக் கேட்க வேண்டும். மற்றவன் மொத்தப் பாரத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டு ‘ஹோல்ட்’ என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் காதில் விழுந்த பிறகுதான் விடலாம். கண் ஜாடை செல்லாது, தலையாட்டினால் செல்லாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் மூக்கைச் சொறிந்தாலும் சரி என்று சொல்வது போலத்தான் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கையைக் கட்டிக்கொண்ட நாள் முதல் உன் அப்பாவை நான் ‘மாப்பிள்ளை, நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் கையில் கண்ணாடி இருக்கும்போது மட்டும் ‘டா’ போட்டுக்கொள்ளலாம் என்று உன் அம்மா எனக்கு அனுமதி கொடுத்திருந்தாள். ‘மாப்பிள்ளை, கொஞ்சம் இடது பக்கமா நகருங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி தூணில் மோதிவிடும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும்.

அன்றைக்கு ஒரு துணிக்கடையின் மாடிக்கு ஷீட் ஏற்றினோம். நான் மேலே, அவர் கீழே. திருப்பத்தில் வந்து நின்றுவிட்டார். ‘என்னடா, ஏறு’ என்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து, ‘குரங்குச் சேட்டை எல்லாம் அப்புறம்’ என்று திட்டினேன். வலது கை தொங்கிவிட்டது சில்லு. அவர் ஷீட்டை விடவில்லை. இடது கையால் அடியைத் தாங்கி, மார்பையும் தாடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றார். நான் எப்படி அந்த ஷீட்டைச் சுவரில் சாய்த்துப் பாரத்தை வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. ‘ஹோல்ட்’ என்று கத்தினேன். அதன் பிறகுதான் விட்டார், விட்டதும் படிக்கட்டில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். துணிக்கடை மேனேஜர் ஓடி வந்து கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லை என்று எங்களைப் பாராட்டினார். நல்ல மனிதர்தான், கீழே படுத்திருந்தவர் மேல் கால் படாமல் தாண்டித்தான் போனார்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், ப்ளீஸ் ஹோல்ட்’ என்றது ஒரு பெண் குரல். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. எங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்கு, பாரம் என் கைக்கு வந்துவிட்டது, இனி நீ விடலாம் என்று அர்த்தம். ‘நல்லா இரும்மா’ என்று நான் வாழ்த்தக்கூடச் செய்தேன். அப்புறம் பாட்டு வந்தது. உன் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டேன், அது முடிந்து மறுபடியும் ஆரம்பித்தது. அந்தப் பெண் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, என்னையே பிடித்துக்கொண்டிருக்கத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரே சொல்லைச் சொல்லி ஒருத்தர் பாரத்தை வாங்குகிறார், இன்னொருத்தர் பாரத்தை நம் தலையிலேயே வைத்துவிட்டுப் பாட்டுப் போடுகிறார். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ வேறு கம்பெனி. ஆனால் உன்னிடம் யாராவது அவசரமாகப் பேச வந்தால் பாட்டு மட்டும் போடாதே. இந்த வரியை உன் அப்பா எடுக்கச் சொல்கிறார், நான் எடுக்கவில்லை.

கடை வண்டியிலேயே கொண்டுபோனோம். கண்ணாடி நிறுத்துகிற சட்டத்துக்கு நடுவில் பழைய போர்வைகளை விரித்து அவரைப் படுக்க வைத்தேன். டிரைவர் நத்தையை உனக்குத் தெரியும், அந்த வண்டியை அவன் வேகமாக ஓட்டியதே கிடையாது. அன்றைக்கும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பிரேக் போட்டு, வளைவில் எல்லாம் என்னைப் பார்த்து ‘பின்னால எல்லாம் சரியா நிக்குதா’ என்று கேட்டுக்கொண்டே வந்தான். சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், அவன் அழுதுகொண்டே மெதுவாக ஓட்டினான். அவனுக்குத் தெரிந்த அக்கறை அதுதான். உன் அப்பா வழியில் ஒரு முறைகூடக் குலுங்கவில்லை. ஆகவே நீ வர வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுக்கிற தம்பி, ‘மூச்சை ஹோல்ட் பண்ணுங்க’ என்றான். உன் அப்பா பிடித்தாரோ இல்லையோ, கதவுக்கு வெளியே நின்ற நான் பிடித்தேன். அந்தத் தம்பி அவரிடம் போய் மெதுவாக, விடலாம் என்று சொல்லியிருக்கிறான், அது எனக்குக் கேட்கவில்லை. யாராவது சொல்லட்டும் என்று நான் பிடித்துக்கொண்டே நின்றேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சுவரோடு சரிந்துவிட்டேன். நர்ஸ் வந்து தண்ணீர் தெளித்து, உங்களில் யார் நோயாளி என்று கேட்டாள். கொஞ்ச நேரம் என் கையிலும் ஒரு பட்டை கட்டி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் உன் அப்பா விழுந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார், ஒரு பக்கத்து உதட்டால். அதற்காக இன்னொரு தடவை மயங்கி விழவும் நான் தயார்.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், உன் வயதுதான் இருக்கும். ஒரு ரப்பர் பந்தை அவர் வலது கையில் வைத்து, ‘ஹோல்ட் பண்ணுங்கப்பா’ என்றாள். விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. ‘இப்ப விடுங்க’ என்றாள். விடவில்லை. ‘ரிலீஸ் பண்ணுங்கப்பா’ என்றாள். அவளை முறைத்துக்கொண்டு பிடித்தபடியே இருந்தார். சொல்வது புரியவில்லை போலிருக்கிறது, டாக்டரிடம் பேச வேண்டும் என்று என்னை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். திரும்ப உள்ளே வந்து பார்த்தால் அதே பிடி, நெற்றியெல்லாம் வியர்வை. சட்டென்று எனக்கு விளங்கியது. பந்துக்கு அடியில் என் கையைக் கொடுத்து, ‘ஹோல்ட்டுடா’ என்றேன். அடுத்த நொடி விட்டுவிட்டார். பந்து என் கையில் விழுந்தது. மறுபக்கத்தில் பாரத்தை வாங்க ஆள் இல்லாமல் அவர் எப்படி விடுவார், சொல். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அவளும் கையை நீட்டிக்கொண்டு ஹோல்ட் என்று சொல்லிப் பார்க்கிறாள். அவளுக்கு விடமாட்டேன் என்கிறார். அதனால் பயிற்சி நேரத்தில் நானும் இருக்க வேண்டியிருக்கிறது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன், உங்கள் இருவர் வேலையையும் ஹோல்டில் வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். அவர் சொன்ன ஹோல்ட் எந்த வகை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே நீ வர வேண்டாம்.

இனி சொல்வதுதான் கஷ்டம். உன் அம்மாவின் நிலைக்கண்ணாடி உடைந்துவிட்டது. கல்யாணத்துக்கு உன் அப்பா தன் கையாலேயே அறுத்து, ஓரம் தேய்த்து, தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த கண்ணாடி அது. பீரோவுக்குப் பக்கத்தில் இருந்ததை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும் என்று இவர் பிடித்த பிடியாக நின்றார். கேட்டால், அறைக்கு வெளிச்சம் வரும் என்றார். நத்தையைக் கூப்பிடுகிறேன் என்றேன். என் பெண்டாட்டி கண்ணாடியை நான்தான் தூக்குவேன் என்று கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நாள் கழித்து அவர் தானாக எழுந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. பாரமெல்லாம் என் பக்கம், அவர் சும்மா கையை வைத்தால் போதும் என்று நினைத்தேன். ஒவ்வோர் அடியாகப் பாதி தூரம் போனோம். ‘பிடிச்சிருக்கியாடா’ என்றேன். ‘பிடிச்சிருக்கேன்’ என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் சரிந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. இரண்டு பேருக்கும் காயம் இல்லை. அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே கிடந்ததைப் பார்க்காமல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘விட்டுட்டேன் மச்சான். சொல்லாம விட்டுட்டேன்’ என்றார். ஆயுசு முழுக்கக் கண்ணாடி தூக்கிய மனிதர், மாடிப்படியில் உயிர் போகிற நேரத்திலும் என் குரலுக்காகக் காத்து நின்றவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லாமல் விட்டார். தான் விட்டதே அவருக்குத் தெரியவில்லை சில்லு, கை அவரிடம் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பெருக்கினேன். உன் அம்மா இருந்திருந்தால் எங்கள் இருவரையும் வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள், அப்படித் துரத்த ஆள் இல்லையே என்றுதான் இருந்தது.

அடுத்த நாளே அதே அளவுக்குப் புதுக் கண்ணாடி வேண்டும் என்றார். கடையிலிருந்து நானும் நத்தையும் கொண்டுவந்து மாட்டினோம். படுத்துக்கொண்டே, இன்னும் சாய், இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பு என்று வேலை வாங்கினார். அந்தக் கோணத்தில் மாட்டினால் கட்டிலிலிருந்து பார்க்கிற உங்கள் முகமே உங்களுக்குத் தெரியாதே என்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்றார். வெளிச்சமும் அப்படி ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனாலும் இப்போது திருப்தியாக இருக்கிறார், அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஆகவே நீ வர வேண்டாம்.

ஒரு சந்தேகம் மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். படித்த பிள்ளை நீதான் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் எனக்கு நாள் முழுக்க அவரிடம் ‘டா’ என்றுதான் வருகிறது. சாப்பிடுடா, திரும்பிப் படுடா, காலை நீட்டுடா. கையில் கண்ணாடி இல்லையே, மரியாதை குறைவாகப் பேசுகிறேனே என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், மறுபடியும் அதேதான் வருகிறது. உன் அம்மா கொடுத்த அனுமதி இதற்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மேலதிகாரி எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே. வேலை நிரந்தரம் ஆகி, நல்ல பெயர் எடுத்து, சகல சௌபாக்கியத்தோடும் நீ இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனமார ஆசீர்வதிக்கிறோம். உன் அப்பா இங்கே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி இடது கையால் ஒரு கோடு இழுத்திருக்கிறார், காகிதம் அழுக்கு என்று நினைத்துவிடாதே. ஆகவே, ஆகவே, நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா.

பின் குறிப்பு: கடிதத்தைக் கடைசியாக ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இப்போதுதான் கண் அசந்தார். இதை அவருக்குப் படித்துக் காட்டப் போவதில்லை. மேலே ‘நீ வர வேண்டாம்’ என்று எழுதிய இடத்தையெல்லாம் பேனா எடுத்து அடித்துவிடு.

போனுக்கு ஒன்றும் இல்லை. கெட்டிருப்பது அவர் பேச்சு. அவர் சொன்னதாக நான் எழுதியதெல்லாம் நான் திருத்தி எழுதியது. வார்த்தை எல்லாம் குழைந்து குழைந்துதான் வருகிறது, எனக்கு மட்டும்தான் புரிகிறது, அதுவும் பாதிதான். அந்தக் குரலை நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். நீ கூப்பிடும்போது அது அடித்து அடித்து ஓய்கிறவரைக்கும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார், அதையும் நான் எழுதவில்லை.

இன்று காலை அவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். இடுப்பு வலித்தது, ஒரு நிமிஷம் அவர் படுக்கிற இடத்தில் தலை வைத்துப் படுத்தேன். எதிரே கண்ணாடி. அதில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நம் வீட்டு வாசல் கேட். வேறு எதுவும் தெரியவில்லை, கேட் மட்டும்தான் முழுதாகத் தெரிகிறது. உன் அம்மா கண்ணாடியை அவர் இடம் மாற்றப் போய் உடைத்தது இதற்காகத்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவனும் தபால்காரரும் வரும்போதெல்லாம் ஏன் தலையைத் தூக்கிப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து விரிப்பைச் சரி செய்தேன்.

வேலையை அவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஹோல்டில் வைக்கட்டும். நீ புறப்படு. கேட்டைத் திறந்ததும் உள்ளே ஓடி வந்துவிடாதே, அங்கேயே கொஞ்சம் நில், அவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக ‘ஹோல்ட்’ என்று ஒரு குரல் கொடு. பெரிய ஷீட்டை ஒருத்தன் தூக்கக் கூடாது. எனக்கும் கை வலிக்கிறது சில்லு.